நீச்சல், சைக்கிள், ஓட்டம்: கதிரவெளி வீதியில் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில்

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஓட்டமாவடிப் பக்கமிருந்து கதிரவெளிக்குப் படிப்பிக்கப் போய்வருகிறவர்கள் நாங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கினால் முதலில் நடப்பது மரதன் ஓட்டம். திருகோணமலை வீதியால் பிள்ளைகள் ஓடுவார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல்களோடு நாங்கள் போவோம். பாதிப் பேருக்குக் காலில் சப்பாத்து இருக்காது. அப்படி ஓடி முடித்து வேப்பமரத்தடியில் இளைப்பாறிக்கொண்டிருந்த பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், முதல்ல நீந்தி, பிறகு சைக்கிள் ஓடி, பிறகு மரதன் ஓடுற போட்டி ஒண்டு இருக்காமே. அது நமக்கு ஏன் இல்ல?"

போனில் யாரோ காட்டிய வீடியோவில் பார்த்திருக்கிறான். "அது வெள்ளைக்காரன்ட விளையாட்டு, பெரிய செலவு" என்று எங்களில் ஒருவர் சொன்னார். பையன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். எங்களுக்குத்தான் அந்தப் பதில் திருப்தியாக இருக்கவில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அந்தப் போட்டியின் பெயர் ட்ரையத்லன். ஒலிம்பிக்கில் அதன் தூரம் 1,500 மீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். இடையில் ஓய்வு இல்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறும் நேரமும், சைக்கிளை வைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டும் நேரமும்கூடக் கணக்கில் சேரும். எங்கள் வீதியில் அளந்து பார்த்தால் விளங்கும். 40 கிலோமீற்றர் என்பது ஏறக்குறைய ஓட்டமாவடியிலிருந்து கதிரவெளி வரை. 10 கிலோமீற்றர் என்பது கதிரவெளியிலிருந்து வாகரைப் பக்கமாக ஓடும் ஓட்டம். 1,500 மீற்றருக்கு எங்கள் கடல் இருக்கிறது, களப்பு இருக்கிறது. ஆக, அந்தப் போட்டிக்குத் தேவையான இடம் முழுவதையும் அல்லாஹ் எங்களுக்குத் தந்திருக்கிறான்.

இனி வரலாறு.

மூன்று விளையாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓடிப் பார்க்கும் வழக்கம் 1920களிலேயே பிரான்ஸில் இருந்தது. ஆனால் இன்று நாம் ட்ரையத்லன் என்று சொல்வது பிறந்த திகதி 1974 செப்டெம்பர் 25. இடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரத்து மிஷன் விரிகுடா. அங்கிருந்த ஓட்டக் கழகமொன்றின் உறுப்பினர்களான ஜக் ஜோன்ஸ்ரன், டொன் ஷனஹான் என்ற இருவர் அதை ஒழுங்கு செய்தார்கள். ஓட்டப் பயிற்சி சலித்துப்போனவர்களுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்குப் பெரிய நோக்கம் எதுவும் இருக்கவில்லை. வேலை நாள் ஒன்றின் மாலையில் 46 பேர் வந்து சேர்ந்தார்கள். பரிசுக் கிண்ணத்தில் எழுதுவதற்கு 'ட்ரையத்லன்' என்ற சொல்லை அகராதியில் தேடினால் அது அங்கே இல்லை. எழுத்துக்கூட்டலை ஏற்பாட்டாளரே சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் போட்டியில் ஓட்டம்தான் முதலில் வந்தது, நீச்சல் பிற்பகுதியில் வந்தது. கடைசியாக வந்தவர்கள் கரையேறுவதற்குள் இருட்டிவிட்டது. கார்களைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி விளக்கைப் போட்டுத்தான் அவர்களுக்குக் கரையைக் காட்டினார்கள். இப்போது வழக்கமான ட்ரையத்லனில் நீச்சல்தான் முதலாவது. காரணத்தை எங்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. சைக்கிளில் களைத்தவன் காலை ஊன்றி நிற்கலாம். ஓட்டத்தில் களைத்தவன் வீதியோரத்தில் உட்காரலாம். தண்ணீரில் களைத்தவனுக்கு உட்கார இடமில்லை.

அன்று ஓடியவர்களில் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பிறகு அவர் ஹவாய்த் தீவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஒரு பரிசளிப்பு விழாவில் விவாதமொன்று எழுந்தது. ஓட்டக்காரனா, நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, உடல் வலுவில் யார் கெட்டிக்காரன்? ஒஹாகு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று நீண்ட போட்டிகளை ஒரே நாளில் வைத்துப் பார்ப்போம் என்று கொலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் முடிவுசெய்தார்கள். 1978 பெப்ரவரி 18ஆம் திகதி 15 பேர் புறப்பட்டார்கள். சுமார் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், முடிவில் முழு மரதன். 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணித்தியாலம் 46 நிமிடம் 58 செக்கன் எடுத்தது. அவர் டாக்சி ஓட்டியவர். அந்தப் போட்டிதான் 'அயர்ன்மேன்', இரும்பு மனிதன். அடுத்த வருடமே லின் லெமேர் என்ற பெண் அதில் கலந்துகொண்டு, ஆண்களும் இருந்த போட்டியில் ஐந்தாவதாக வந்தார்.

இனிச் சொல்லப்போவது ஒரு கல்லூரி மாணவியின் கதை. எங்கள் பையனுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

1982 பெப்ரவரி. ஜூலி மொஸ் என்ற 23 வயதுப் பெண் ஹவாய்ப் போட்டிக்கு வந்தார். கலிபோர்னியாவில் உடற்கல்வி தொடர்பாகப் படித்துக்கொண்டிருந்த அவர், பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரைக்குத் தகவல் சேர்க்கத்தான் போட்டியில் இறங்கினார். பெரிய வீராங்கனை என்று யாரும் அவரை எண்ணவில்லை. ஆனால் மரதன் ஓட்டத்தில் அவர் எல்லாப் பெண்களையும் முந்திப் போய்க்கொண்டிருந்தார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால் மடிந்து விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். உடம்பில் நீரும் சக்தியும் வற்றிப்போயிருந்தன. கடைசியில் அவர் தவழ்ந்துகொண்டிருக்கும்போது கத்லீன் மக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் முதலிடம் பெற்றார். 29 செக்கன் கழித்து ஜூலி மொஸ் கோட்டைத் தொட்டார்.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்த சனம் வென்றவரின் பெயரைவிடத் தவழ்ந்தவரின் பெயரைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் தாங்களும் பயிற்சி தொடங்கினோம் என்று பின்னர் பலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வலயமட்டப் போட்டிகளில் கடைசியாக வரும் பிள்ளைக்குக் கைதட்டச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதன் பிறகு விளையாட்டு வேகமாக வளர்ந்தது. 1989இல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரத்தில் சர்வதேசச் சங்கம் அமைந்தது, அதே வருடம் அதே ஊரில் முதலாவது உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லன் முதன்முதலாகச் சேர்ந்தது. பெண்களில் சுவிட்சர்லாந்தின் பிரிஜிற் மக்மஹோனும் ஆண்களில் கனடாவின் சைமன் விற்ஃபீல்டும் வென்றார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் கழகங்களாக இருந்த ட்ரையத்லனை, 2014இல் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்களுக்கான வளர்ந்துவரும் விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. கல்லூரிப் பெண்களுக்கான தூரம் ஒலிம்பிக்கின் பாதிதான்: 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர்.

இங்கே எங்கள் சமூகத்தில் சிலர் கேட்பது தெரியும்: "பெண் பிள்ளைகள் நீந்துவதா? உடுப்பு?" அதற்கும் ஒரு கல்லூரி மாணவியே பதில் சொல்லியிருக்கிறார். ஈரானைச் சேர்ந்த ஷிரீன் கெராமி இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தபோது அங்கிருந்த ட்ரையத்லன் கழகத்தில் சேர்ந்தார். பிறகு தன் நாட்டின் சார்பில் ஓட விரும்பினார். உடலையும் தலையையும் மூடிய உடையில் நீந்தலாம், சைக்கிள் ஓடலாம், ஓடலாம் என்று அதிகாரிகளுக்கு விளக்கி, அதற்கான உடையையும் தயார்செய்து, போட்டி நெருங்கிய நேரத்தில் அனுமதி பெற்றார். 2013 செப்டெம்பரில் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் அவர் ஓடி முடித்தபோது, ட்ரையத்லனில் ஈரானைப் பிரதிநிதித்துவப்படுத்திய முதல் பெண் ஆனார். 2016இல் ஹவாய் அயர்ன்மேனையும் முடித்தார். உடுப்பு ஒரு கேள்விதான். அதற்கு விடை கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இது எல்லாம் வெளிநாட்டுக் கதை என்று வையுங்கள். எங்கள் தமிழ் பேசும் கரையில் என்ன நடந்தது?

1954இல், மிஷன் விரிகுடாப் போட்டிக்கு இருபது வருடங்களுக்கு முன்னர், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையில் இறங்கியவர் ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீரில் கிடந்து கோடியக்கரையில் ஏறினார். அவருக்கு முன் அந்தக் கடலை நீந்திக் கடந்தவர் யாருமில்லை.

அவருக்குப் பின் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். 1971இல் இங்கிருந்து இந்தியாவுக்கு நீந்திப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். சனம் அவரை 'ஆழிக்குமரன்' என்று அழைத்தது. அதே மனிதர் 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் நிற்காமல் சைக்கிள் ஓடிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். ஹவாயில் பதினைந்து பேர் நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்துப் பார்த்த அதே காலத்தில், இங்கே ஒரு தமிழர் அந்த இரண்டிலும் தனித்தனியாக எல்லை தாண்டிக்கொண்டிருந்தார். அவரிடம் யாராவது ட்ரையத்லன் என்ற சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். கடல் தெரிந்தவரையும் கடல் எடுத்துக்கொள்ளும். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

2018 பெப்ரவரி 25ஆம் திகதி கொழும்பில் பாதித் தூர அயர்ன்மேன் போட்டி நடந்தது: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். 2019இலும் நடந்தது. பல நாடுகளிலிருந்து வந்தார்கள். அந்தத் தரத்துச் சைக்கிள் ஒன்றின் விலை எங்கள் பிள்ளைகளின் வாப்பாமார், அப்பாமார் ஒரு வருடம் உழைத்தாலும் கைக்கு எட்டாது. "பெரிய செலவு" என்று எங்கள் நண்பர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் 1974இல் ஓடிய 46 பேருக்கு விசேடமான சைக்கிளோ உடுப்போ இருக்கவில்லை. விளையாட்டுக்குச் செலவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் எங்கள் கரையில் இது ஏன் முளைக்கவில்லை? எங்களுக்குத் தெரிந்த பதில், நாங்கள் தினமும் போய்வரும் வீதியிலேயே இருக்கிறது.

பாலங்கள் வருவதற்கு முன் இந்தத் திருகோணமலை வீதியில் பயணம் என்றால் பாதைக்குக் காத்திருப்பதுதான். வெருகலில் பாதை, கிண்ணியாவில் பாதை. தெற்கே மண்முனையிலும் பாதை. சைக்கிளில் வந்து, பாதையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, அக்கரையில் மீண்டும் சைக்கிளில் ஏறி, மணல் வந்தால் இறங்கி உருட்டி நடந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கிண்ணியாவுக்கு 2009இலும் மண்முனைக்கு 2014இலும் பாலம் வந்தது. தண்ணீர், சைக்கிள், கால் மூன்றையும் ஒரே நாளில் பாவித்த சனம் இது. அதற்கு யாரும் கிண்ணம் கொடுக்கவில்லை.

பிறகு 2004 டிசெம்பர் 26. இந்தக் கரை முழுவதையும் கடல் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பிள்ளையைக் கடல் பக்கம் விடாத தாய்மார் பலர். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

அந்தக் காயம் ஆறுவதற்குள் யுத்தம் திரும்பி வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்து கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வாகரைப் பிரதேசத்துச் சனம் காட்டு வழியாலும் தண்ணீர் வழியாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தது. அன்று அந்தத் தூரத்தைக் கடந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "ஓடினது போதும் சேர். இவன் விளையாட்டுக்கு ஓடட்டும்." இதைவிட நல்ல விளையாட்டுக் கொள்கையை நாங்கள் எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை.

ஆக, கடலை எங்கள் பிள்ளைகள் இழந்தது சோம்பலால் அல்ல. சுனாமி ஒரு பக்கம் பயத்தை வைத்தது, யுத்தம் இன்னொரு பக்கம் தடையை வைத்தது. இடையில் நீச்சலைச் சொல்லிக்கொடுக்கும் கை விட்டுப்போனது. முன்னர் வாப்பாவோடு தோணியில் போன பிள்ளை தானாகப் பழகியது. இப்போது மீனவர் வீட்டிலேயே நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களான நாங்களும் அதில் விதிவிலக்கு அல்ல. பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில் ஒரு விடுமுறை நாளில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மூன்றையும் செய்து பார்க்கப் போனோம். இரவல் சைக்கிள்கள், பாட்டா செருப்பு. சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ முடிந்தது. சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கினால் முதல் சில நிமிடம் கால் யாருடையதோ போல இருக்கும், அதை அன்றுதான் அனுபவித்தோம். ஆனால் நீச்சலில் இருவர் இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுவிட்டார்கள். நீச்சல் வகைகளைப் படம் வரைந்து விளக்கிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் அவர்கள். எங்கள் கல்லூரி எங்களை ஒரு நாளும் தண்ணீரில் இறக்கியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இதைச் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், 2021 நவம்பர் 23 வரும்வரை. அன்று காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், பாடசாலை போகும் பிள்ளைகளை ஏற்றிய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மரணமானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பாதுகாப்பான படகு இல்லாதது, உயிர்காப்பு அங்கி இல்லாதது, பாலம் தாமதித்தது என்று பேச வேண்டியவை நிறைய. அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும், நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. ஆனால் ஆசிரியர் என்ற வகையில் எங்கள் பங்கு எது என்று கேட்டால், அது அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

எங்கள் மார்க்கத்தில் இதற்குத் தடை இல்லை, தூண்டுதலே இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்குங்கள் என்ற அறிவுரை உமர் (ரழி) அவர்களின் பெயரால் சொல்லப்பட்டு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். குதிரையின் இடத்தில் சைக்கிளை வைத்துப் பாருங்கள். நீச்சல், சவாரி, ஓட்டம். பையன் கேட்ட போட்டி அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

இப்போது நாங்கள் கேட்பது பெரிய தடாகம் அல்ல. வந்தால் நல்லது. வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் பெயரில் ஒரு தடாகம் இருக்கிறது, கிழக்கின் பிள்ளைகளுக்கும் ஒன்று வரட்டும். அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வாடைக் காலம் முடிந்து கடல் அமர்ந்திருக்கும் மாதங்களில், ஊர்ப் பெரிய மீனவர்கள் இடம் பார்த்துச் சொல்ல, முதலையோ நீரோட்டமோ இல்லாத ஆழமற்ற கரையில், கயிறு கட்டி, இரண்டு வள்ளம் காவலுக்கு நிறுத்தி, முதலில் மிதக்கவும் மூச்செடுக்கவும் பழக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வேறு நேரம், பெண் ஆசிரியர்கள், ஏற்ற உடை. பழகியவர்களுக்கு ஒரு நாள் 100 மீற்றர் நீச்சல், 5 கிலோமீற்றர் சைக்கிள், ஒரு கிலோமீற்றர் ஓட்டம் வைக்கலாம். நீந்தத் தெரியாத பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் போட்டி என்று தண்ணீரில் இறக்கக் கூடாது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் கட்டாயம்.

உயிர்காக்கும் பயிற்சி பெற்றவர்கள், கடற்படையிலோ விளையாட்டுத் திணைக்களத்திலோ நீச்சல் பயிற்றுவிப்பாளராக இருக்கும் எங்கள் பிரதேசத்துச் சகோதரர்கள், சகோதரிகள் இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். பழைய சைக்கிள் இருப்பவர்களும் எழுதுங்கள், டயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பையனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: அந்தப் போட்டி நமக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் நீ அல்ல. உனக்கு வீதி இருக்கிறது, கால் இருக்கிறது, சைக்கிளும் எப்படியாவது கிடைக்கும். நீச்சலைத்தான் நாங்கள் தர வேண்டும். முதலில் நாங்களும் பழகிவிட்டு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.